வலப்பக்கத்தில் இரண்டு கைப்பிடி கம்பளி

நிமிரம்மாவின் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று தெரு தள்ளி ஒருவர் நடந்து போனால், அந்தச் செருப்புச் சத்தத்தை வைத்தே அவருக்கு எந்த இடுப்பு மூட்டு இறுகியிருக்கிறது, எந்தக் கணுக்கால் பழைய சுளுக்கை மறைத்துவைத்திருக்கிறது, போன வாரம் மாமியாரோடு சண்டை போட்டாரா என்பதுவரை சொல்லிவிடுவாள். சரி, மூன்று தெரு என்பது கொஞ்சம் கூடுதல். மாமியார் சண்டையும் நான் சேர்த்ததுதான். ஒரு தாழ்வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதே, வருகிறவருக்கு எந்த ரப்பர் பட்டையை எடுத்துக் கொடுப்பது என்று இந்தக் கோடியில் அவள் முடிவு செய்திருப்பாள். அதில் எள்ளளவும் பொய் இல்லை.

அப்படிப்பட்டவள் தன் வாழ்நாளிலேயே அதிகம் பயந்த ஒரு காலைப் பொழுதைத்தான் சொல்ல வந்தேன்.

குதிரைப் போலீஸ் பயிற்சி மைதானத்தின் ஓரத்தில், தீவன அறைக்கும் சேணங்கள் மாட்டிவைக்கும் அறைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. முன்பு காலிச் சாக்குகள் அடுக்கிவைத்திருந்த இடம். அங்கேதான் அவள் வேலை பார்த்தாள். உயரமான கட்டில் ஒன்று, ஆணியில் தொங்கும் ரப்பர் பட்டைகள், ஆள் உட்காரும் அளவுக்குக் காற்றடித்த பெரிய பந்து, வீட்டில் வைத்திருப்பது மாதிரியான எடைக்கருவி இரண்டு. நடுவில், நான்கு மரக்கால்கள் மேல் படுக்கவைத்த ஒரு பீப்பாய். பீப்பாய் மேல் பழைய சேணம். அதற்குத் தலை கிடையாது, வால் கிடையாது, உதைக்கவும் தெரியாது. நிமிரம்மா ஏறிய ஒரே குதிரை அதுதான்.

குதிரை ஏறுகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் குதிரைக்குப் பயப்படலாமா என்று கேட்காதீர்கள். பாம்புக்கடிக்கு மருந்து கொடுக்கிறவர் பாம்போடு குடித்தனமா நடத்துகிறார்? குதிரை என்றாலே அவளுக்கு அடிவயிற்றில் பனிக்கட்டியை வைத்த மாதிரி. அதன் கண் பக்கவாட்டில் இருப்பது பயம். காது தனியாகத் திரும்புவது பயம். நின்றுகொண்டே தூங்குவது எல்லாவற்றையும்விடப் பயம். தூங்குகிறதா, திட்டம் போடுகிறதா, யார் கண்டது? ஒருமுறை ஜன்னல் வழியாக ஒரு குதிரை தலையை நீட்டி அவள் பிடரியில் மூச்சு விட்டது. நாள் முழுக்க எல்லாரையும் "நிமிருங்க, நிமிருங்க" என்று விரட்டி அந்தப் பெயரையே வாங்கியவள், அன்று கட்டிலுக்கடியில் நாலாக மடிந்து கிடந்தாள். அப்புறம் ஜன்னலுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடப்பட்டன. பதினோரு வருஷம் அங்கே வேலை பார்த்தும், பத்து எட்டு தூரத்தில் இருந்த லாயத்துக்குள் அவள் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைக்கவில்லை.

மனித உடம்பு வேறு விஷயம். அது அவளுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. குதிரை மேல் இருக்கிறவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அடிவயிறும் முதுகும் ஒரு நொடிகூட ஓயாமல் உடம்பை இழுத்துப் பிடித்திருக்க, இடுப்பு மட்டும் குதிரையின் நடைக்கு ஏற்பத் தளர்ந்து ஆட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் இதைச் செய்தால் உள்தொடை மரக்கட்டையாகிவிடும். அவர்களைப் படுக்கவைத்து இடுப்பைத் தூக்கச் சொல்வாள். முழங்கால்களுக்கு நடுவில் பந்தை வைத்து நசுக்கச் சொல்வாள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுப்பாள். ஆறடிப் போலீஸ்காரர் ஒருவர் அப்படிப் பல் தேய்க்கப்போய், குளியலறைக் கதவையும் பெயர்த்துக்கொண்டு கூடத்தில் வந்து விழுந்தார்.

"கதவு வீக்கா இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, மறு காலுக்கும் அதே வீட்டுப்பாடத்தைக் கொடுத்தாள்.

இந்த நிலையில்தான் அவளுடைய நாத்தனார் விழுந்தாள். கணவனின் தங்கை. அதே குதிரைப் படையில் போலீஸ்காரி. அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள், ஒன்பது வருஷமாக ஒரே குதிரையை ஓட்டிவந்தாள். அந்தக் குதிரைக்கு லாயத்தில் 'சம்பந்தி' என்று பெயர். வைத்த தீவனத்தில் குறை, காட்டிய தண்ணீரில் குறை, நிற்கச் சொன்ன இடத்தில் குறை. எதற்கும் மூக்கை விடைத்துப் பெருமூச்சு விடுவான். போலீஸ்காரி ஒருத்தியிடம் மட்டும் குழைவான்.

கூட்டத்தைக் கலைக்கும் பயிற்சியில் ஈரத் தரையில் அவன் குளம்பு வழுக்கியது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸ்காரிக்கு இடது காறை எலும்பு இரண்டு துண்டு. எலும்பு கூடிய பிறகு, கையைத் தூக்கப் பழகுவதற்காக அண்ணியின் அறைக்கு வந்தாள்.

"அண்ணி, கை மேல போனாப் போதும். வேற எதையும் தொடாதீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும்."

"நான் என்னடி பண்ணப்போறேன்? சும்மா இப்படி உக்காரு."

பெஞ்சின் மேல் எடைக்கருவிகள் இரண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு பிட்டமும் ஒவ்வொன்றின் மேல் வரும்படி உட்கார வைத்தாள். கால் தரையில் படாமல் தொங்கியது. இடது கருவி இருபத்துநாலு காட்டியது. வலது முப்பத்தாறு.

நிமிரம்மாவின் கண் மின்னியது. பன்னிரண்டு கிலோ வித்தியாசம்! வேலைக்குச் சேர்ந்த புதிதில் போலீஸ்காரிக்கு இடது கணுக்கால் சுளுக்கியிருந்தது. அதைக் காப்பாற்ற வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தவள், சுளுக்கு போன பிறகும் அப்படியே இருந்துவிட்டாள். வலது விலா சுருங்கி, வலது இடுப்பு மடிந்து, உடம்பே அதுதான் நேர் என்று நம்பிக்கொண்டிருந்தது.

"இங்க வலிக்குதா?"

"இல்லையே."

"இங்க?"

"இல்லையே அண்ணி."

"வலிக்கணுமே!"

"வலிக்கலைன்னா வலிக்க வெச்சிடுவீங்க போல."

உடைந்தது காறை எலும்பு. அவள் சரிசெய்தது இடுப்பை. யாரும் கேட்காத உபகாரம். ஐந்து மாதம், வாரத்துக்கு நான்கு நாள், பந்தின் மேலும் பீப்பாயின் மேலும் நாத்தனாரை உட்கார வைத்து வறுத்தெடுத்தாள். வீட்டிலும் விடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து வலது இடுப்பில் ஒரு விரலால் குத்துவாள். "நாத்தனார் கொடுமைன்னு கேள்விப்பட்டிருக்கேன். அண்ணி கொடுமையை இப்பத்தான் பாக்குறேன்" என்று போலீஸ்காரி கத்துவாள். கடைசியில் ஒருநாள் எடைக்கருவிகள் இரண்டும் முப்பது, முப்பது என்று காட்டின. நிமிரம்மா ஊதாப் பேனாவை எடுத்து, 'குதிரை ஏறத் தகுதியானவர்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள். அன்று முழுக்கத் தானும் இரண்டு அங்குலம் உயரமாக நடந்தாள்.

அந்தக் கையெழுத்தை நம்பி ஒரு பெரிய காரியம் காத்திருந்தது. படையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, புகை, சத்தம் என்று தடைகளைக் கடந்து, தங்கள் குதிரையில் தேர்வு ஓட்டம் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் மேசை வேலை; குதிரை வேறு ஆளுக்குப் போய்விடும். விழுந்ததால் ஒன்று ஏற்கெனவே தவறிவிட்டது. இது இரண்டாவது. சம்பந்தியைக் கொண்டுபோக ஓர் இளம் போலீஸ்காரர் தயாராக இருந்தார். சர்க்கரைக்கட்டி கொடுத்துப் பழக்கிப் பார்த்து, விரலில் கடியும் வாங்கியிருந்தார்.

குணமாகி வருகிறவர்கள் முதல் இரண்டு வாரம் பயிற்சிப் பள்ளியின் கிழட்டுக் குதிரையில்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. அது நாற்காலி மாதிரி. யார் எப்படி உட்கார்ந்தாலும் ஒன்றுதான். சம்பந்திக்கோ குளம்பில் சீழ் வைத்து ஓய்வு கொடுத்திருந்தார்கள். தேர்வுக்கு முந்தின நாள்தான் அவன் மேல் சேணம் ஏறியது. மெதுவாக இரண்டு சுற்று, அவ்வளவுதான்.

அன்று மாலை சாப்பிடும்போது போலீஸ்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"சம்பந்திக்கு வயசாயிடுச்சுண்ணா. நேராப் போடான்னா இடது பக்கமாவே ஒதுங்குறான்."

"இடது வலது தெரியலைன்னா என் வகுப்புக்கு அனுப்பு. அங்க துணைக்கு முப்பது பேர் இருக்காங்க" என்றான் அண்ணன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

நிமிரம்மாவின் கையில் இருந்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. "எப்பவும் இடதா?"

"எப்பவும்தான் அண்ணி. பரவாயில்ல, நாளைக்கு இழுத்துப் பிடிச்சிக்கிறேன்."

இழுத்துப் பிடிப்பாளாம். எந்தக் கையால்? உடைந்த எலும்புக்குச் சொந்தமான கையும் சேர்ந்துதானே இழுக்க வேண்டும்? நிமிரம்மாவின் மனசுக்குள் எடைக்கருவியின் முள் ஆடியது. வலப்பக்கத்திலிருந்து ஆறு கிலோவை எடுத்து இடப்பக்கம் வைத்தது யார்? அவள்தான். வைத்த பிறகு ஏறிய முதல் நாளே குதிரை இடப்பக்கம் போகிறது என்றால்... சேச்சே, அப்படி இருக்காது, குதிரைக்கு அவ்வளவு கணக்கா தெரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் தொண்டையைத் தாண்டவில்லை. கவளமும்தான்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அவள் லாயத்தின் வாசலில் நின்றாள்.

நீளமான கட்டடம். இடப்பக்கம் பதினொரு குதிரை, வலப்பக்கம் பதினொரு குதிரை, நடுவில் ஈரமான சிமென்ட் பாதை. இருபத்திரண்டும் ஒரே சமயத்தில் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. முதல் அடி வைத்ததும் ஒரு தலை திரும்பியது. இரண்டாவது அடிக்கு நான்கு தலை. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பாதையின் நடுக்கோட்டில், பிரேதத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனால் எப்படி விறைப்பாக இருக்குமோ அப்படிப் போனாள். பாதி தூரத்தில் ஏதோ ஒன்று உதட்டைப் படபடவென்று அடித்தது. அவள் உயிர் அங்கேயே ஒருமுறை இறங்கி ஏறியது.

கோடியில் உட்கார்ந்து கடிவாள வாருக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த லாயக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மா, நீங்களா? வழி தவறி வந்துட்டீங்களா?"

"சம்பந்தியோட சேணத்தைக் காட்டுங்க ஐயா. சீக்கிரம்."

அவர் சேணத்தைக் கவிழ்த்து ஒரு சாக்கின் மேல் வைத்தார். குதிரையின் முதுகில் படுகிற இரண்டு மெத்தைகளையும் நிமிரம்மா கையால் அழுத்திப் பார்த்தாள். முதுகுத்தண்டைத் தடவித் தடவிப் பழகிய விரல்கள். இடது மெத்தை அமுங்கியது. வலது மெத்தை கல் மாதிரி விம்மி நின்றது.

"இது ஏன் இப்படி இருக்கு?"

"வலப்பக்கம் ரெண்டு கைப்பிடி கம்பளி கூட இருக்கும்மா. நம்ம போலீசம்மா அந்தப் பக்கமா அழுத்தி உக்காருவாங்க. அது அமுங்கி அமுங்கி இவன் முதுகு புண்ணாயிடுச்சு. ஏழு வருஷம் இருக்கும், சேணம் தைக்கிறவர் வந்து கூட வெச்சுத் தெச்சாரு. அதுக்கப்புறம் ஒரு கீறல் இல்ல."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா நீங்க?"

"யார் கேட்டாங்க?" என்றார் லாயக்காரர், உள்ளபடியே.

நியாயம்தான். யார் கேட்டார்கள்? ஆட்களைப் பார்க்கிறவள் பீப்பாயோடு நின்றுவிட்டாள். குதிரைகளைப் பார்க்கிறவர் லாயத்தோடு நின்றுவிட்டார்.

"இப்ப அவங்க நேரா உக்காந்தா என்ன ஆகும்?"

அவர் தாடையைச் சொறிந்தார். "மெத்தை வலப்பக்கம் தூக்கி விடும். ஆள் இடப்பக்கம் சரிவாங்க. அது மட்டும் இல்லம்மா. இவனுக்கு வலப்பக்கம் பாரம் இருந்தா நேராப் போன்னு அர்த்தம். ஒன்பது வருஷப் பழக்கம். அந்தப் பாரம் குறைஞ்சா, இடது பக்கம் திரும்பச் சொல்றாங்கன்னு நினைச்சுக்குவான். வேகமாப் போனா இன்னும் கூடுதலாத் திரும்புவான். குதிரைக்கு நம்ம பேச்சா தெரியும்? பாரம்தான் தெரியும்."

"கம்பளியை எடுத்துடலாமா?"

"பிரிச்சு எடுத்துத் திரும்பத் தைக்க அரை நாள் வேணும். எட்டரைக்குத் தேர்வு."

"வேற சேணம்?"

"வேற சேணத்தை இவன் மேல போட்டவங்க கையைப் போய்ப் பாருங்க. பல்லு பதிஞ்சிருக்கும்."

நிமிரம்மா மைதானத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கடைசித் தடை அங்கிருந்தே தெரிந்தது. வெள்ளையடித்த இரண்டு இரும்புத் தூண்கள், நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கட்டை. குறுகலான சந்துக்குள் பாய்ந்து போகிற பழக்கத்துக்காக வைத்தது. ஒரு குதிரையும் அதன் மேல் ஓர் ஆளின் இரண்டு முழங்காலும் போகிற அகலம்தான். அதற்கு மேல் ஒரு சாண் இருந்தால் அதிகம். நாலுகால் பாய்ச்சலில் வந்து, கடைசி நொடியில் குதிரை இடப்பக்கம் ஒதுங்கினால்?

பயப்படுகிறவர்களுக்குப் படிப்பு ஒரு சாபம். மற்றவர்கள் 'ஐயோ, விழுந்துவிடுவாளே' என்று பொதுவாகப் பயப்படலாம். அவளுக்கு அந்த வசதி இல்லை. முதலில் இடது முழங்கால் சில்லு தூணில் மோதும். பிறகு தொடை எலும்பு பின்னால் தள்ளப்பட்டு இடுப்புக் கிண்ணத்தில் இடிக்கும். ஆள் இடப்பக்கமாகத்தான் விழுவாள், புதிதாகக் கூடிய காறை எலும்பின் மேல். அதற்கும் பிறகு கழுத்து. எலும்பு எலும்பாக, வரிசை மாறாமல், படம் ஓடியது. அந்தப் படத்தின் அடியில் ஊதா மையில் அவள் கையெழுத்து.

ஓடினாள். குதிரைகளின் நடுவே ஓடுகிறோம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

போலீஸ்காரி தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். லாயக்காரர் சம்பந்தியைக் கொண்டுவந்து நிறுத்தி வயிற்றுப் பட்டையை இறுக்கினார். நிமிரம்மா நான்கு முழம் தள்ளி நின்றுகொண்டு, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னாள். கம்பளி, பாரம், தூண்.

போலீஸ்காரியின் முகம் கொஞ்சம் வெளுத்தது. கொஞ்சம்தான், போலீஸ் முகம்.

"சரி அண்ணி. பழையபடி உக்காந்துக்கிறேன். அவ்வளவுதானே?"

ஏறி உட்கார்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்து பார்த்தாள். தோள் சாய்ந்தது, தலை சாய்ந்தது. இடுப்பு மட்டும் ஐந்து மாதப் பாடத்தை மறக்காத நல்ல மாணவி மாதிரி நேராக நின்றது. இன்னொரு முறை முயன்றாள். சம்பந்தி காதைப் பின்னால் மடித்துப் பெருமூச்சு விட்டான்.

"எப்படி உக்காந்திருந்தேன்னே தெரியல. நான் கோணலா இருக்கேன்னு எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கு? நீங்க சொல்லித்தானே தெரிஞ்சது? இப்பக் கோணலை எங்க போய்த் தேடுவேன்?"

"நீ போகாதே. இறங்கு. உன் காலைப் பிடிச்சிக் கேக்குறேன்."

"இறங்கினா இவனை இன்னைக்கே ஓட்டிட்டுப் போயிடுவாங்க, அண்ணி."

நிமிரம்மா நேராகத் தேர்வு அதிகாரியிடம் போனாள். வேலியோரம் அட்டையும் பென்சிலுமாக நின்றிருந்தார். நறுக்கிய மீசை, நறுக்கிய பேச்சு.

"என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கணும் சார்."

"தாராளமா. 'தகுதியில்லை'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, மேடம். ஓட்டம் ரத்து. தவறினதாக் கணக்கு."

"இன்னொரு நாள் வைக்க முடியாதா?"

"முடியாது. இந்தாங்க பேனா."

ஒரு வரி. அதை எழுதினால் நாத்தனாருக்கு எலும்பு மிஞ்சும், குதிரை போய்விடும். எழுதாவிட்டால் என்ன மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. தாள் வேலிக்கட்டையின் மேல் காற்றில் படபடத்தது. பேனாவைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"அண்ணி!" மைதானத்திலிருந்து குரல் வந்தது. "எழுதாதீங்க. எனக்குத் தெரிஞ்சேதான் போறேன்."

அவள் எழுதவில்லை. விரல் மரத்ததால் எழுத வரவில்லை என்பது பாதி, எழுத மனசு வரவில்லை என்பது மீதி. எது பெரிய பாதி என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது.

விசில் ஊதியது.

முதலில் புகை. சம்பந்தி அதற்குள் நுழைந்தபோது நடுவில் இருந்தான். வெளியே வந்தபோது இரண்டு முழம் இடப்பக்கத்தில் இருந்தான். நிமிரம்மா வேலியைப் பிடித்தாள். அடுத்து, தகரப் பீப்பாய்களைக் கட்டையால் அடித்து நான்கு பேர் சத்தம் போட்டார்கள். சத்தம் அவனுக்குப் பழக்கம். ஆனால் பீப்பாய்களின் வரிசையை இடப்பக்கம் உரசிக்கொண்டே போனான், ஒன்று உருண்டது. போலீஸ்காரி வலது கடிவாளத்தை இழுத்தாள். தலை வலப்பக்கம் திரும்பியது, உடம்பு இடப்பக்கமே போனது. கொடிகள் ஆடுகிற இடத்தில் ஓட்டம் வேகமெடுத்தது. வேகம் எடுக்க எடுக்க ஒதுங்கலும் கூடியது. லாயக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. நிமிரம்மா கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் இமை கேட்கவில்லை. இத்தனை நேர்த்தியாக ஒரு முதுகுத்தண்டு நிமிர்ந்து நின்றதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. அவளே செய்த முதுகு.

கடைசித் திருப்பம் திரும்பியாயிற்று. எதிரே தூண்கள். முப்பது பாய்ச்சல் தூரம், இருபது, பதினைந்து. குதிரையின் நெற்றி இடது தூணுக்கு நேராக இருந்தது. மோதினால் எந்த எலும்பு முதலில் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் நிமிரம்மா கத்தினாள். எப்படிப்பட்ட கத்தல்! லாயத்துக் கூரையில் இரண்டு ஓடுகள் இடம் மாறின. அடிவயிற்றிலிருந்து எழுந்த அந்தக் குரல், பதினோரு வருஷமாகச் சொன்ன ஒற்றைச் சொல்லைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது.

"கோணலா உக்காரு! கோணலாடி!"

போலீஸ்காரி கேட்டாள். இடுப்பு வலப்பக்கம் சரிந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. ஒன்பது வருஷமாகத் தெரிந்த பாரம் முதுகில் இறங்கியதும் சம்பந்தி காதை நிமிர்த்தினான். இரண்டே பாய்ச்சலில் நடுவுக்கு வந்து, கட்டையைத் தாண்டினான். இடது முழங்காலுக்கும் தூணுக்கும் நடுவே நான்கு விரல் இடம் இருந்தது.

தேர்வில் தேறிவிட்டாள். நிமிரம்மா அன்று பகல் முழுக்கத் தன் கட்டிலிலேயே போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். பல் கிட்டித்ததில் தாடையே வலித்தது. போலீஸ்காரி பக்கத்தில் உட்கார்ந்து, தாடைக்கு என்ன பயிற்சி என்று கேட்டுக் கேட்டு அவளைக் கேலிசெய்தாள்.

அப்புறம் நாத்தனாரை நேராக்கும் வேலை முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை அவசரம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேணம் தைப்பவர் வலது மெத்தையின் தையலைக் கொஞ்சம் பிரித்து ஒரு சிட்டிகை கம்பளியை எடுப்பார். அந்தச் சிட்டிகைக்கு உண்டான அளவு மட்டும் நிமிரம்மா நாத்தனாரின் இடுப்பை நிமிர்த்துவாள். லாயக்காரர் சம்பந்தியை நேர்க்கோட்டில் நடத்திப் பார்த்துச் சரி என்பார். ஒன்றரை வருஷம் ஆயிற்று. மூன்று பேரும் பேசிக்கொள்கிற வழக்கமும் அப்படித்தான் வந்தது. இப்போதெல்லாம் யாருடைய இடுப்பில் கை வைப்பதற்கு முன்னும் அவள் லாயத்துக்குப் போய் அவர்களுடைய சேணத்தைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. நடுக்கோட்டில்தான் நடக்கிறாள், கையை ஒட்டிக்கொண்டுதான் நடக்கிறாள், உதட்டை அடிக்கிற குதிரை இன்னும் அடிக்கத்தான் செய்கிறது. நாத்தனாரின் உயிரைக் காப்பாற்றிய அந்தக் குரல் மட்டும்...

"பெரியம்மா, நிறுத்துங்க" என்கிறாள், இதை நான் வாசித்துக் காட்டும்போது எதிரே உட்கார்ந்திருக்கிற போலீஸ்காரி. "அண்ணி எங்க கத்தினாங்க? வாய் திறந்துச்சு, சத்தமே வரல. மீன் மாதிரி திறந்து திறந்து மூடினாங்க. பேச்சு வராம, எப்படிச் சாயணும்னு உடம்பால காட்டுறேன்னு சாஞ்சாங்க, சாஞ்சாங்க, கடைசில பக்கத்துல நின்ன அந்த மீசைக்கார அதிகாரி மேலயே விழுந்துட்டாங்க. அவர் அட்டை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், ரெண்டு பேரும் மண்ணுல. அந்த நேரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சதும் உடம்பு தளர்ந்துச்சு, இடுப்பு அது பாட்டுக்குப் பழைய இடத்துல போய் உக்காந்துக்கிச்சு. கத்தினாங்கன்னு எழுதாதீங்க. விழுந்தாங்கன்னு எழுதுங்க."